பிறந்தகம் திரும்பிய பெண்கள்

நேபாள மொழியிலே 'மைத்தி' என்றொரு சொல் உண்டு. மணமாகிக் கணவன் வீடு சென்ற பெண், தான் பிறந்த வீட்டை அச்சொல்லாலே குறிப்பாள். 'தீஜ்' என்னும் நோன்புக்கு முதல் நாள் அந்நாட்டுப் பெண்கள் மைத்திக்குச் சென்று, தாய் சமைத்ததை வயிறார உண்டு, உடன்பிறந்தாரோடும் இளமைத் தோழியரோடும் ஆடிப்பாடி மகிழ்வது வழக்கம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வரும் நம் பெண்களுக்கு இச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்ற இடத்திலே எத்துன்பம் நேரினும் 'எனக்கென்று ஒரு வாசற்படி உண்டு' என்று பெண் நெஞ்சிலே வைத்திருக்கும் பற்றுக்கோடு அது.

அச்சொல்லையே பெயராகக் கொண்டு, 'மைத்தி நேபாள்' என்னும் இல்லம் 1993ஆம் ஆண்டில் காத்மாண்டு நகரிலே தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அனுராதா கொய்ராலா என்னும் அம்மையார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். பசுபதிநாதர் கோயிலுக்குச் செல்லும் வழியிலே பிச்சைக்கு அமர்ந்திருந்த பெண்களைக் கண்டு, காசு போட்டு அப்பாற் செல்லாமல், அவர்கள் அங்கு வந்து சேர்ந்த கதையைக் கேட்கத் தொடங்கியதே அவர் பணிக்கு வித்தாயிற்று. ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இச்செய்தி சிறிது பெருமையையும் அதனிலும் மிகுந்த வெட்கத்தையும் தருகின்றது. கோயில் வாசலிலே நாம் எத்தனை பேரைக் கடந்து சென்றிருப்போம்!

விற்கப்பட்டு எல்லை கடந்து சென்று, பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களுக்கும் சிறுமியருக்கும் அவ்வில்லம் பிறந்தகமாயிற்று. சொந்தப் பிறந்தகம் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று வாசகர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண்களைக் கடத்துதல் என்றவுடன், கை கால் கட்டி வண்டியிலே தூக்கிப் போட்டுச் செல்லும் திரைப்படக் காட்சியே பலர் மனத்தில் எழும். அப்படியும் நடப்பதுண்டு, ஆயினும் பெரும்பாலும் அப்பெண் தன் காலாலேயே நடந்து செல்கிறாள். புதுச் சட்டை அணிந்து, தாயிடம் விடைபெற்று, சில வேளைகளில் நெற்றியிலே திலகமிட்டுக்கொண்டு செல்கிறாள். அழைத்துச் செல்பவன் அந்நியன் அல்லன். மாமன் முறையானவனாகவோ, அயலூரானாகவோ, சில மாதங்களுக்கு முன் மணமுடித்த கணவனாகவோ இருப்பான். காத்மாண்டுவிலே கம்பள ஆலையில் வேலை என்பான். அல்லது இந்திய நகரொன்றிலே வீட்டு வேலை என்பான். ஆகவே பிள்ளை தொலைந்துவிட்டாள் என்பதே பெற்றோருக்குப் பல மாதங்கள் தெரியாது. தொலைந்ததை அறியாதவர் தேடுவதெங்ஙனம்?

நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே 1,700 கிலோமீற்றருக்கு மேல் நீளமான எல்லை உண்டு. 1950ஆம் ஆண்டில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, அவ்வெல்லையைக் கடவுச்சீட்டின்றியே இரு நாட்டவரும் கடக்கலாம். பிழைப்புத் தேடிச் செல்லும் ஏழைக்கு அது பெரும் வசதி. தரகனுக்கும் அதே வசதி. தலைநகரைச் சூழ்ந்த மலை மாவட்டங்களான சிந்துபால்சோக், நுவாகோட் முதலியவற்றிலிருந்தே பெருந்தொகையானோர் கொண்டு செல்லப்பட்டனர். இதற்கோர் பழைய காரணமும் கூறுவர். 1846 முதல் 1951 வரை நாட்டை ஆண்ட ராணா குடும்பத்தார் தம் அரண்மனைகளுக்குப் பணிப்பெண்களையும் காமக்கிழத்தியரையும் அம்மலைப்புறங்களிலிருந்தே பெற்றனர். அரண்மனைகள் மங்கிய பின்னும் மலையிலிருந்து பெண்ணெடுக்கும் பாதை அழியவில்லை, கொள்வோன்தான் மாறினான்.

ஆண்டுதோறும் எத்தனை பேர் இவ்வாறு சென்றனர்? ஐயாயிரம் முதல் ஏழாயிரம் என்று பல்லாண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றது. அவ்வெண்ணின் மூலத்தைத் தேடிய ஆய்வாளர் உறுதியான அடிப்படை எதனையும் காணவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுத, அது மெய்யாகிவிட்டது. எமது மாணவர் எண்களைக் கண்டு மயங்காதிருத்தல் நன்று. கணக்கறிந்த ஒரு கூட்டத்தாரின் கதையே எமக்குப் போதும்.

1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், மும்பை நகரிலே பொலிசார் விபசார விடுதிகளைச் சோதனையிட்டு நூற்றுக்கணக்கான சிறுமியரையும் இளம் பெண்களையும் வெளியே கொணர்ந்தனர். அவர்களுள் இருநூறு பேருக்கு மேற்பட்டோர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். மறுநாட் பத்திரிகைகளைப் படித்தோர் துன்பம் தீர்ந்தது என்றே கருதியிருப்பர். உண்மையில் அவர்களுடைய இரண்டாவது சிறைவாசம் அன்றுதான் தொடங்கிற்று. அரசாங்கக் காப்பகங்களிலே அவர்கள் அடைக்கப்பட்டனர். இந்தியா அவர்களை அனுப்ப விரும்பியது; நேபாள அரசாங்கமோ ஏற்கத் தயங்கியது. இவர்கள் நேபாளப் பிரசைகள் என்பதற்குச் சான்று எங்கே என்று அதிகாரிகள் கேட்டனர். எயிட்ஸ் நோய் நாட்டுக்குள் வந்துவிடும் என்ற பேச்சும் எழுந்தது. சோதனைக்குச் சில மணி நேரமே சென்றிருக்கும். தாயகம் 'இவர்கள் என் பிள்ளைகள்' என்று சொல்வதற்கு மாதங்கள் சென்றன. சொன்னதும் அரசாங்கமன்று. ஏழு தொண்டு நிறுவனங்கள் பொறுப்பேற்று, அவ்வாண்டு யூலையில் 128 பேரைக் காத்மாண்டுவுக்கு அழைத்து வந்தன. மைத்தி நேபாளும் அவற்றுள் ஒன்று.

ஊர் வந்து சேர்ந்தவர்களைப் பத்திரிகைகள் வரவேற்ற விதத்தை நினைக்கும்போது, பத்திரிகையில் எழுதும் எமக்கும் தலை குனிகின்றது. அவர்களைத் துன்புற்ற பெண்களாகக் காணாமல், நோய் சுமந்து வந்தவர்களாகவே பல செய்திகள் வருணித்தன. முகம் அச்சில் வந்துவிட்ட பெண் எந்த ஊருக்குப் போவாள்? பெற்றோருட் சிலர் ஏற்றனர். சிலர் ஏற்க மனமிருந்தும் அயலாருக்கு அஞ்சினர். இளைய பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று தயங்கினர். வேறு சில வீடுகளிலோ, விற்றவனே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தான். பிறந்தகம் இருக்கையில் இன்னொரு பிறந்தகம் எதற்கு என்ற வினாவுக்கு இதுவே விடை.

கண்டுபிடித்தலைப் பெருஞ்செயலாகவும், பின்னர் நிகழ்வதைச் சிறு கருமமாகவும் கருதுவது உலக வழக்கம். முன்னதிலே பூட்டை உடைத்தலும் ஓட்டமும் உண்டு, பின்னதிலே ஒன்றுமில்லை. இரவில் உறக்கமின்றி எழுந்து கதவைச் சரிபார்க்கும் சிறுமியோடு விழித்திருத்தல், மருத்துவசாலை வரிசையிலே நிற்றல், 'அ, ஆ' கற்பித்தல், இரு நாள் வழி நடந்து பெற்றோரைக் கண்டு பேசி வெறுங்கையோடு மீளுதல், மறு மாதம் மறுபடியும் செல்லுதல் ஆகியவையே அதன் தொழில். தையற்பொறி ஒன்றைக் கொடுத்துக் கடமை முடிந்ததென்று நினைப்பவரும் உளர். மீண்டு வந்தவளெல்லாம் தையற்காரியாகத்தான் வேண்டும் என்று விதித்தவர் யாரோ, நாம் அறியோம்!

அவ்வாறு மீண்டவர்களுள் 15 பேர் தாமே ஒரு சங்கம் அமைக்க முற்பட்டனர். தம்மைப் பொறுப்பேற்ற நிறுவனமொன்று அளித்த பயிற்சியிலே, நடந்தது தம் குற்றமன்று என்பதை அவர்கள் முதன்முதலாகக் கேட்டறிந்தனர். 'சக்தி சமூஹ', அதாவது 'சக்திக் கூட்டம்' என்று பெயரிட்டனர். விற்கப்பட்டு மீண்ட பெண்களே அமைத்து அவர்களே நடாத்தும் சங்கம் அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை என்பர். ஆனால் அதனைப் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காரணம் என்ன? பிரசாவுரிமைப் பத்திரம்.

நேபாளத்திலே பதினாறு வயதடைந்தவர் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று, நம் ஊர்க் கச்சேரியைப் போன்றது என்று கொள்ளலாம், அப்பத்திரத்தைப் பெறவேண்டும். பத்திரமின்றிச் சங்கம் பதிய இயலாது. காணி வாங்க இயலாது. அரசாங்க உத்தியோகமும் இல்லை. அக்காலச் சட்டத்தின்படி பிரசாவுரிமை தந்தை வழியாகவே வந்தது. தந்தையோ கணவனோ உடன்பட்டுச் சான்று கூறாவிடில் பெண்ணுக்குப் பத்திரமில்லை. 'இவள் என் மகள்' என்று கையொப்பமிட மறுத்த தந்தையால், அப்பெண் வீட்டை மாத்திரமா இழந்தாள்? நாட்டையே இழந்தாள். 2006ஆம் ஆண்டின் சட்டம் தாய் வழியாகவும் பிரசாவுரிமை பெறலாம் என்றது. நடைமுறையிலே அலுவலர் தந்தையைக் கேட்பது பின்னரும் ஓயவில்லை. சக்தி சமூஹத்துப் பெண்கள் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கியே தம் முதல் வெற்றியைப் பெற்றனர்.

அவர்களுள் சரிமாயா தாமாங் என்பவரின் வரலாறு பலரும் அறிந்தது; அவரே வெளிப்படையாகக் கூறி வந்தது. சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமத்தில் பிறந்தவர். பதினாறாம் வயதில், கால்நடைக்குப் புல்லறுக்கக் காட்டுக்குச் சென்றவிடத்திலே பிடிபட்டு, மும்பையிலே விற்கப்பட்டார். 22 மாதங்கள் அங்கிருந்தார். ஊர் மீண்டபின், 1997ஆம் ஆண்டில், தம்மை விற்றவர்கள்மீது தாமே வழக்குத் தொடுத்தார். அவ்வாறு முன்வந்த முதற் பெண் அவரே. வழக்கென்றால் யாது? அப்பெண் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, நடந்ததனைத்தையும் ஆடவர் நிறைந்த மன்றிலே உரைக்கவேண்டும். எதிர்த்தரப்பார் அவளையே குற்றவாளியாக்கி வினவுவர். அத்தனையையும் அவர் தாங்கி நின்றார். மாவட்ட நீதிமன்றம் எண்மரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க வெளிநாட்டமைச்சு அவருக்கு விருதளித்தது. 2013ஆம் ஆண்டில் சக்தி சமூஹத்துக்கு மக்சைசை விருது கிடைத்தது. விருதுகளைவிட அந்த எண்மரின் தண்டனையே மலைக்கிராமங்களில் உரத்துப் பேசியிருக்கும் என்பது எம் எண்ணம்.

அப்பெண்கள் பட்ட பாட்டின் சுவட்டை 2007ஆம் ஆண்டின் மனிதக் கடத்தற் சட்டத்திலே காணலாம். மனிதரை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் 20 ஆண்டுச் சிறை என்று அது விதித்தது. ஆனால் நாம் பெரிதாக மதிப்பது அதிலுள்ள சிறு விதிகளை. முறையீடு செய்த பெண்ணின் வாக்குமூலத்தைத் தாமதமின்றி மாவட்ட நீதிமன்றில் உறுதி செய்துகொள்ளவேண்டும். பின்னர் அவள் மன்றுக்கு வராவிடினும் அது சான்றாகும். ஏன் இவ்விதி? வழக்கு நீளும், நீளும் காலத்திலே தரகனின் ஆட்கள் வந்து அச்சுறுத்துவர், பணம் காட்டுவர், அவள் வாய் மூடிவிடுவாள். இதனை அறிந்தவர் எழுதிய விதி அது. விசாரணையை மூடிய மன்றிலே நடத்தவும், தண்டப்பணத்தில் பாதிக்குக் குறையாத தொகையை அவளுக்கு இழப்பீடாக வழங்கவும் இடமுண்டு.

எல்லைப்புறங்களிலே நடைபெறும் காவலைப்பற்றியும் சிறிது கூறவேண்டும். பீர்கஞ்ச், ககர்பிட்டா முதலிய கடவைகளில், பொலிசாரோடு மைத்தி நேபாளின் பெண்களும் நிற்கின்றனர். அவர்களுட் சிலர் ஒரு காலத்தில் அதே வழியாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள். பஸ்களும் சைக்கிள் ரிக்‌ஷாக்களும் ஓயாது செல்லும் வீதியிலே, ஆயிரம் பேரிடையே ஒரு சிறுமியை எவ்வாறு இனங்காண்பது? உடைக்கும் உடன் வருபவனுக்கும் பொருத்தமின்மை, எங்கே போகிறோம் என்று அறியாத பார்வை, கேள்விக்கு அவள் வாய் திறக்குமுன் அவன் விடை கூறும் அவசரம் ஆகியவற்றைக் கவனிப்பர். இருவரையும் வேறு வேறாக நிறுத்திச் சிறு வினாக்கள் கேட்பர். கணவன் என்பவனுக்கு மாமியாரின் பெயர் தெரியாது. சிற்றப்பன் என்பவனுக்கு அவள் ஊர் தெரியாது.

இக்காவலிலும் ஒரு குறை உண்டு. தன் விருப்பத்தோடு வேலைக்குச் செல்லும் வயதுவந்த பெண்ணையும் அது மறித்துவிடலாம் என்று பெண்ணுரிமையாளர் கண்டித்துள்ளனர், அக்கண்டனம் நியாயமானதே. 2012ஆம் ஆண்டில் நேபாள அரசாங்கம் முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்வதைத் தடை செய்தபோது, அவர்கள் செல்லாதிருக்கவில்லை. இந்தியா வழியாகக் கள்ளப் பாதையிற் சென்றனர். நேர் வழியை அடைத்தால் தரகனுக்கே கொண்டாட்டம்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆந் தேதி நேர்ந்த பூகம்பத்திலே நேபாளத்தில் ஏறத்தாழ ஒன்பதினாயிரம் பேர் மாண்டனர். மிகப் பெருந்தொகையானோர் மாண்டது அதே சிந்துபால்சோக்கிலே. வீடிழந்து கூடாரத்திலே தங்கிய குடும்பங்களை நாடித் தரகர் வருவர் என்று தொண்டர்கள் முன்கூட்டியே அறிந்து எச்சரிக்கை செய்தனர். 2018ஆம் ஆண்டில், அம்மாவட்டம் அடங்கிய மாகாணத்தின் ஆளுநராக அனுராதா கொய்ராலா அம்மையார் நியமனம் பெற்றார்.

இனிச் சிறுவர் கதை. வடமேற்கிலே திபெத்தை அடுத்துள்ள ஹும்லா மாவட்டத்துக்கு அக்காலத்தில் மோட்டார் வீதி இல்லை. 1996 முதல் 2006 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே, போராளிகள் பிள்ளைகளைப் பிடித்துச் செல்வர் என்ற அச்சம் அங்கு நிலவியது. அவ்வச்சத்தைத் தரகர் முதலாக்கினர். 'உங்கள் பிள்ளையைக் காத்மாண்டுவிலே நல்ல பள்ளிக்கூடத்திற் சேர்க்கிறோம்' என்று கூறி, காணியையும் கால்நடையையும் விற்றுப் பெற்றோர் கொடுத்த பணத்தையும் பெற்றுக்கொண்டு, பிள்ளைகளைக் கொண்டு சென்றனர். தலைநகரிலே பெற்றோர் இறந்ததாகப் பொய்ப் பத்திரம் தயாராயிற்று. பிள்ளை 'அநாதை' ஆயிற்று. அநாதையைக் காட்டி வெளிநாட்டாரிடம் நன்கொடை வாங்கப்பட்டது. அத்தகைய சிறுவர் வாழ்ந்த இல்லமொன்றிலே தொண்டு செய்ய வந்த கொனர் கிரெனன் என்னும் அமெரிக்க இளைஞர், ஒரு நாள் வாசலில் வந்து நின்ற பெண்மணி அங்கிருந்த சிறுவர் இருவரின் தாய் என்றறிந்து திகைத்தார். பின்னர், பிள்ளைகளின் படங்களைக் கையிலே கொண்டு ஹும்லா மலைகளில் ஊர் ஊராக நடந்து பெற்றோரைத் தேடினார். அம்முயற்சிக்கென 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள்' என்ற அமைப்பையும் நிறுவினார். இங்கே தொலைந்தது பிள்ளையன்று, பிள்ளையின் வீடு. படத்தைக் கண்ட தாய் தந்தையர் அழுதனர். ஆயினும் மறுநாளே பிள்ளையைக் கூட்டிச் செல்ல வழியில்லை. வீட்டிலே உணவு போதாது; ஊரிலே பள்ளிக்கூடம் ஒழுங்காக நடைபெறாது. ஆகவே முதலில் கடிதம், பின்னர் சந்திப்பு, பின்னர் பண்டிகைக்கு வீடு சென்று தங்குதல் என்று மெல்ல மெல்லவே பிணைப்பு வளர்க்கப்பட்டது.

இக்கதையைப் படித்தபொழுது எமக்கு எம் வீட்டு நினைவு வந்தது. எமக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து சிறுமி ஒருத்தி எம் வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டாள். எம்மைவிட இரண்டு வயது மூத்தவளாயிருக்கலாம். லொறியிலே வந்த ஒருவர் கொண்டுவந்து விட்டார். சம்பளத்தைத் தகப்பனிடம் சேர்ப்பதாகச் சொல்லி அவரே மாதந்தோறும் வாங்கிச் சென்றார். அவ்வாறு பிள்ளைகள் வருவது அக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் அதிசயமன்று. நாம் பள்ளிக்கூடம் செல்லும்போது அவள் முற்றம் கூட்டினாள். அவளை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. ஆதலால் நாம் நல்லவர்கள் என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தோம். இரண்டு வருடங்களின் பின் அம்மனிதர் வந்து, வேறு வீட்டிலே கூடுதலான சம்பளம் தருகிறார்கள் என்று கூறி அவளை அழைத்துச் சென்றார். எந்த வீடு என்று எம் வீட்டார் கேட்கவில்லை.

1948ஆம் ஆண்டின் சட்டத்தாலே பிரசாவுரிமை இழந்த மலைநாட்டு மக்களிலே எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டிலேதான் அவ்வுரிமை முற்றாகக் கிடைத்தது. பத்திரமில்லாத பெற்றோர் எந்தக் கச்சேரிக்குச் சென்று பிள்ளையைக் காணவில்லை என்று முறையிட்டிருப்பர்? அது பழங்கதை என்றும் சொல்லிவிட இயலாது. 2021ஆம் ஆண்டிலே, கொழும்பில் வீட்டு வேலைக்கு வைக்கப்பட்டிருந்த பதினாறு வயது மலையகச் சிறுமி தீக்காயங்களால் இறந்ததை நாடு முழுவதும் அறியும். வேலைக்கமர்த்தும் குறைந்த வயதைப் பதினாறாக உயர்த்தும் சட்டம் அவ்வாண்டுதான் வந்தது. சிறுவர் துன்புறுதலைக் கண்டால் அறிவிப்பதற்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று, எம் தாயாரிடம் அச்சிறுமியின் தோட்டம் எதுவென்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்தார். பண்டாரவளைப் பக்கமோ, பதுளைப் பக்கமோ என்றார். பெயரைக் கொண்டாவது விசாரிக்கலாமே என்றோம்.

"அது நாங்கள் வைச்ச பேர் தம்பி. வரேக்கை அவளுக்கு வேறை ஒரு பேர் இருந்தது. கூப்பிட வசதியில்லை எண்டு மாத்தினாங்கள்" என்றார் அவர்.